உபாத்தியாயர் நேரமும் பிள்ளைகள் நேரமும்

(தாமலில் பேசியது)



பள்ளிக்கூட உபாத்தியாயரின் வேலை நேரம் யாருக்குச் சொந்தம் என்பதே இன்று நாம் பேச வந்த விஷயமாகும். "காலையில் வந்து மாலையில் போகிறவர்களுக்கு என்ன கஷ்டம்?" என்று நம்மவர்களில் பலர் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை, சம்பளமாகப் போவது நம் வரிப்பணமல்லவா? ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும்.

2009ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டப்படி உபாத்தியாயருக்கு வாரம் 45 மணி நேர வேலை. பாடத்துக்குத் தயார் செய்வதும் அதில் சேர்ந்ததே. ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்தில் 200 நாள், 800 மணி நேரம் படிப்பு. அதாவது நாளொன்றுக்கு 4 மணி, ஐந்து நாளைக்கு 20 மணி. மீதி 25 மணி சும்மா உட்காருவதற்கா? நோட்டுத் திருத்தவும், நாளைய பாடத்தை யோசிக்கவும், பின்தங்கிய பிள்ளைக்குத் தனியே சொல்லிக்கொடுக்கவும், வராத பிள்ளையின் தகப்பனைக் கண்டு பேசவுமாகும். காஞ்சிபுரத்துத் தறிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவு தயாராகாமல் தறியில் உட்கார்ந்து என்ன நெய்வது?

ஆனால் நடப்பதென்ன? எமிஸில் ஏற்று, இலவசச் சாமானுக்குக் கணக்கு எழுது, மேலே கேட்ட புள்ளியை இன்றைக்கே அனுப்பு என்கிறார்கள். வாயால் குரு, தெய்வம் என்பது. கையில் கொடுப்பது குமாஸ்தா வேலை! சத்துணவுக்கு 1982இல் தனி அமைப்பாளர்களை வைத்த சர்க்காருக்கு மற்ற வேலைக்கும் ஆள் வைக்கத் தெரியாதா?

ஜனத்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு வேலைக்கு உபாத்தியாயரை இழுக்கக் கூடாதென்று அதே சட்டத்தின் 27வது பிரிவு சொல்லுகிறது. தேர்தல் வேலையையும் விடுமுறை நாளில் வாங்கிக்கொள், பாடம் நடக்கும் நேரத்தில் சாதாரணமாக இழுக்காதே என்று சுப்ரீம் கோர்ட்டு 2007இலேயே சொல்லிற்று. அந்தச் "சாதாரணமாக" என்கிற சந்து போதுமே, யானை நுழைய! 2025 நவம்பரில் வோட்டர் ஜாபிதா திருத்தத்துக்காக எத்தனை உபாத்தியாயர்கள் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தார்கள்!

அறுபது பிள்ளைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்குச் சட்டம் கேட்பது இரண்டே உபாத்தியாயர். வகுப்போ ஐந்து. ஒருவர் வெளியே போனால் மற்றவர் பாடம் நடத்துவாரா, பிள்ளைகளைக் கட்டிக்காப்பாரா? நஷ்டம் யாருக்கு? பணம் கட்டித் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறவனுக்கல்ல. நெசவுக் கூலிக்காரன், வயல்கூலிக்காரி பிள்ளைக்குத்தான்.

1953இல் ஆச்சாரியார் கிராமப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்துக்குப் பிள்ளை அப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்றார். நாடே எதிர்த்தது, 1954இல் காமராசர் அதை எடுத்தார். அன்று உத்தரவு போட்டுப் பிடுங்கிய நேரம் இன்று உத்தரவில்லாமலே போகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உபாத்தியாயர் மேல் வேறு வேலை சுமத்தப்படுகிறதா என்று கவனிப்பது 2010 மாதிரி விதிகளில் அக்குழுவின் வேலையாகவே இருக்கிறது. ஆகையால் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதியில், எந்த உபாத்தியாயரை, யார், எதற்காக, எத்தனை மணி நேரம் வெளியே இழுத்தார்கள் என்று எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு நாமெல்லோரும் கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்.