ஓடியவரும் ஓடவைத்தவரும்

(பங்கின் யூபிலி விளையாட்டு விழாப் பரிசளிப்பின்போது பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி கொண்டாட்டத்தின் ஒரு பகுதியாக இன்று காலை ஆலய முற்றத்திலிருந்து கடற்கரை வரை ஓட்டப்பந்தயம் நடைபெற்றது. ஓடியவர்களில் பலர் மறைந்த தம் தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ தாளில் எழுதி நெஞ்சில் குத்தியிருந்தார்கள். இதோ, மேசைமேல் இருக்கும் சுழற்கோப்பைகளிலும் பெற்றோரின் பெயர்களே பொறிக்கப்பட்டுள்ளன. தாய் தந்தையரைப் போற்ற வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்ததை ஓடிக் காட்டிய பிள்ளைகளை மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும், பெற்றோருக்கு நாம் செலுத்தும் மரியாதை ஓட்டத்தோடும் கோப்பையோடும் முடிந்துவிடுகிறதா? இந்தக் கேள்வியை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

விடை தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மதுரை மாவட்டத்தின் சக்கிமங்கலத்தைச் சேர்ந்தவர் ரேவதி வீரமணி. சிறு வயதிலேயே தந்தையையும் தாயையும் அடுத்தடுத்து இழந்தவர். அவரையும் அவர் தங்கையையும் வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். வயல் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய் உழைத்தார் அந்த மூதாட்டி. பெண் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிடு என்று உறவினர் சொன்னபோது, மாட்டேன், பள்ளிக்கூடம்தான் போக வேண்டும் என்று உறுதியாக நின்றார். பள்ளிப் போட்டியொன்றில் ரேவதி ஓடியதைக் கண்டவர் பயிற்சியாளர் கண்ணன். அவர் அழைத்தபோது பாட்டி முதலில் தயங்கினார். கண்ணன் விடவில்லை, பேசிப் பேசி இசைய வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழி செய்தார். ஆரம்ப நாள்களில் அந்தப் பெண் காலணி வாங்க வசதியின்றி வெறுங்காலோடுதான் ஓடினார்.

2021 ஜூலை 30 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் ரேவதி இந்தியாவுக்காக ஓடினார். அந்த நால்வரில் மூவர் தமிழர். திருச்சிப் பகுதியின் சுபா வெங்கடேசனும் ஆரோக்கிய ராஜீவும் மற்ற இருவர்; நான்காமவர் கேரளத்தின் முகமது அனஸ். அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 19.93 விநாடி. அந்தச் சுற்றில் எட்டாவது இடம். இறுதிப் போட்டிக்குப் போகவில்லை. பெருந்தொற்றுக் காலமாகையால் அரங்கில் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை. சூளையில் வெந்த அந்தப் பாட்டி அங்கே இல்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்த ஓட்டம் இல்லை என்பதை யார் மறுப்பார்கள்?

இன்னொரு 400 மீட்டர் ஓட்டத்தையும் சொல்ல வேண்டும். 1992 ஆகஸ்ட் 3, பார்சிலோனா ஒலிம்பிக்கின் அரையிறுதி. இங்கிலாந்து நாட்டு டெரெக் ரெட்மண்டுக்குப் பாதி வழியில் தொடைத் தசை கிழிந்தது. அவர் ஒற்றைக் காலில் நொண்டியபடியே முன்னே போனார். பார்வையாளர் பகுதியிலிருந்த அவருடைய தந்தை ஜிம், காவலர்களைத் தள்ளிக்கொண்டு களத்துக்குள் வந்து, மகனைத் தோளோடு அணைத்துக் கோடு வரை நடத்திச் சென்றார். ஓட்டத்தை முடிக்காதவர் என்றே ஏடுகளில் எழுதினார்கள். ஆனால் உலகம் அந்த அரையிறுதியை நினைவில் வைத்திருப்பது இந்தத் தந்தையால்தான்.

மகன் விழுந்தால் தடுப்பைத் தாண்டி வரத் தந்தை இருக்கிறார். தந்தையே இல்லாத பிள்ளைக்கு யார் வருவார்? பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் வாழும் நமக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் நம் கரையில் உண்டு. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறைகளுக்கிடையே மூழ்கிப் பாசி எடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார் உண்டு. அத்தகைய வீட்டுப் பையன் பதினைந்து வயதில் புத்தகத்தை வைத்துவிட்டுப் படகேறுவதை நாம் பார்த்திருக்கிறோம். அவனை மாலைதோறும் மைதானத்துக்கு அழைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நேற்று ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் இருந்தால் அவன் பள்ளியிலும் நிற்பான். ரேவதிக்குக் கண்ணன் செய்தது இதைத்தானே!

நமது மைதானத்தை எண்ணிப் பாருங்கள். இராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஒரு காற்று அடித்தால் மண்ணெங்கும் முள். வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடுமுன், விடியற்காலையில் குனிந்து குனிந்து முள் பொறுக்கியவர்கள் இக்கூட்டத்தில் இருக்கிறார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டவர்கள், விசில் ஊதியவர்கள், தண்ணீர்க் குடம் சுமந்தவர்கள், சிராய்ப்புக்கு மருந்திட்டவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கோப்பையிலும் அவர்கள் பெயர் இல்லை. 2012 இலண்டன் ஒலிம்பிக்கை ஏறத்தாழ 70,000 தொண்டர்கள் ஊதியமின்றித் தாங்கினார்கள். அங்கே எழுபதாயிரம் பேர் செய்ததை இங்கே பத்துப் பதினைந்து பேர் செய்கிறார்கள். அளவு வேறு, அன்பு ஒன்றே.

ஆகவே நமது வேண்டுகோள் இது. தாய் தந்தையர் நினைவாகக் கோப்பை வழங்கும் குடும்பங்களே, கோப்பையோடு ஓர் ஆளையும் தாருங்கள். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் போதும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் விடுமுறை. கடலையும் காற்றையும் அறிந்த கைகள் அந்த நாள்களில் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும். தாய்மார்களே, பெண் பிள்ளைகள் ஓடினால் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுவார்கள். ஆரம்மாளிடமும் பேசினார்கள். அவர் பேத்தியைத் தடுக்கவில்லை.

ஓடுகிற பிள்ளைகள் அனைவருக்கும் பதக்கமோ அரசு வேலையோ கிடைக்கும் என்று நாம் வாக்களிக்கவில்லை. புனித பவுலடியார் ஓட்டப்பந்தயத்தை உவமையாக்கிக் கொரிந்து நகரத்தாருக்கு எழுதினார். அவ்வூருக்கு அருகே ஈராண்டுக்கு ஒருமுறை நடந்த விளையாட்டு விழாவில் வென்றவருக்குக் கிடைத்தது வெறும் இலை முடி. சில நாளில் வாடிவிடும். நமது கோப்பைகளும் உப்புக்காற்றில் கறுக்கத்தான் போகின்றன. உங்கள் தந்தை உங்களுக்காக நின்றதுபோல் நீங்கள் இன்னொருவர் பிள்ளைக்காக நின்றால், அந்த மரியாதை கறுக்காது.

இப்போது பரிசளிப்பைத் தொடங்குவோம். வெற்றி பெற்ற பிள்ளைகளை மேடைக்கு அழைக்குமுன், இன்று முள் பொறுக்கியவர்களையும் கோடு போட்டவர்களையும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறோம். முதல் கைதட்டல் அவர்களுக்கு உரியது.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.