இருவர் சென்ற நெடுவழி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளியிறுதி வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலங்கழிக்கும் நம்மை இம்மேடையில் ஏற்றிய சங்கத்தாரின் அன்புக்கு முதற்கண் நன்றி கூறுகின்றோம். புலவர்கள் வீற்றிருக்கும் அவையில் இலக்கிய ஆராய்ச்சி செய்ய நாம் துணியவில்லை. நமக்குப் பழக்கமான பொருள் வழியும் தொலைவுமே. ஆகவே, மிதிவண்டியில் நெடுந்தொலைவு சென்று பயணத்தை முடித்த கணவன் மனைவியரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். இங்கு அமர்ந்திருக்கும் குடும்பம் ஒவ்வொன்றும், ஊரையும் உற்றாரையும் விட்டு இருவராய்ப் புறப்பட்டு இத்தலைநகரை வந்தடைந்த குடும்பமே. ஆதலின் இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

இருவர் சேர்ந்து சென்ற நெடும்பயணம் என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது சிலப்பதிகாரம். வைகறை இருளில் புகாரை விட்டுப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் முப்பது காதம் நடந்து மதுரையை அடைந்தனர். நடந்து பழகாத கண்ணகி, சிறிது தொலைவு சென்ற அளவிலேயே, மதுரை எங்குள்ளது எனக் கேட்கின்றாள். கோவலன் சிரித்து, அருகில்தான் என்பது போல விடை கூறுகின்றான். கவுந்தியடிகள் துணைவர, வழி முழுவதும் இருவரும் ஒன்றாகவே சென்றனர். ஆனால் வழி முடிந்தபின் கோவலன் சிலம்போடு தனியே நகருக்குள் சென்றான். கண்ணகி ஆயர் சேரியில் மாதரியின் இல்லத்தில் காத்திருந்தாள். நடந்த துயரத்தை இவ்வவைக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வழியைக் கடப்பது ஒன்று, முடிவை இருவரும் சேர்ந்து எய்துவது வேறொன்று என்பதை மட்டும் நினைவில் இருத்துவோமாக.

இனி மிதிவண்டிக்கு வருவோம். அமெரிக்க நாட்டினரான பேனி புல்லக் வொர்க்மன் என்னும் அம்மையாரும், மருத்துவரான அவர் கணவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மனும் 1897ஆம் ஆண்டு கீழைநாடுகளை நோக்கிப் புறப்பட்டனர். அப்போது அம்மையாருக்கு வயது 38. கணவருக்கு வயது 50. பேரப்பிள்ளைகளை எண்ணத் தொடங்கும் வயது என்று நம் பெரியோர் கூறக்கூடிய அந்த வயதில், அவர் மிதிவண்டி ஏறி நம் நாட்டின் தென்கோடியிலிருந்து இமயத்தை நோக்கிச் சென்றார். இலங்கை, பர்மா, சாவகம் ஆகிய நாடுகளையும் சேர்த்து, ஏறத்தாழ மூன்றாண்டுகளில் இருவரும் கடந்த தொலைவு 14,000 மைல் என்பர்.

14,000 மைல் எவ்வளவு என்பதை நம் கணக்கில் பார்ப்போம். தில்லியிலிருந்து சென்னைக்கு இரயில் பாதை சுமார் 2,180 கிலோமீட்டர். அத்தொலைவை ஐந்து முறை போய்வந்தால்தான் அவர்கள் சென்ற தொலைவுக்கு ஈடாகும். தமிழ்நாடு விரைவு வண்டியில் ஒன்றரை நாள் படுத்துச் செல்வதற்கே நாம் எத்தனை முறை பெருமூச்சு விடுகின்றோம்!

அவர்கள் கொண்டு சென்ற பொருள்களின் பட்டியல் மிகச் சிறியது. தேயிலை, சர்க்கரை, பிஸ்கோத்து, பாலாடைக் கட்டி, டப்பாவில் அடைத்த இறைச்சி, குடிநீர், தலையணை, ஆளுக்கொரு கம்பளி, எழுதுபொருள், மருந்து, வண்டி செப்பனிடும் கருவிகள், இவ்வளவே. சிலநாள் உணவில்லை, சிலநாள் நீரில்லை. கொசுவும் எலியும் மலிந்த விடுதிகளில் இரவைக் கழித்தனர். ஒரே நாளில் நாற்பது ‘பஞ்சர்’ வரை ஒட்டிய நாளும் உண்டு. நாற்பது முறை வண்டியை நிறுத்தி, நாற்பது முறை டியூபைக் கழற்றி, ஓட்டையைத் தேடி ஒட்டி, மீண்டும் காற்றடித்து ஏறும் இருவர் ஒருவரையொருவர் கடிந்துகொள்ளாமல் இருந்திருப்பரோ? நாம் அறியோம். ஆயினும் நாற்பத்தோராவது முறையும் இருவருமே ஏறினர் என்பதில் ஐயமில்லை.

பயணம் முடிந்தது. அதன்பின் என்ன? நம் உரையின் கருப்பொருள் இக்கேள்வியே. அப்பயணத்தின் இடையே 1898ஆம் ஆண்டுக் கோடையில் வெப்பத்தைத் தவிர்க்க இமயத்துக்குச் சென்றவர்கள், மலையின்மேல் காதல் கொண்டனர். மிதிவண்டி நின்றது, மலையேற்றம் தொடங்கியது. 1912ஆம் ஆண்டு வரை மீண்டும் மீண்டும் இமயத்துக்கும் காரகோரத்துக்கும் சென்றனர். அங்கே அவர்கள் கடைப்பிடித்த முறையொன்று நம் கருத்தைக் கவர்ந்தது. ஓராண்டு ஒருவர் ஆள், உணவு, வழி ஆகிய ஏற்பாடுகளைக் கவனிப்பார். மற்றவர் அளவை முதலிய ஆராய்ச்சிப் பணியைக் கவனிப்பார். மறுமுறை இருவரும் பணியை மாற்றிக்கொள்வர். இவ்வாறு ஒருவர் அறிந்ததை மற்றவரும் அறிந்தனர். 1912இல் சியாச்சின் பனிப்பரப்பின்மேல் நின்று, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற தலைப்புடைய செய்தித்தாளை அம்மையார் விரித்துப் பிடிக்க, புகைப்படம் எடுக்கப்பட்டது.

அவர்களிடம் குறையே இல்லை என்று கூற வரவில்லை. பெற்ற மகளைப் பிறர் பொறுப்பில் விட்டே இருவரும் நாடு சுற்றினர். சுமைதூக்கிய நம் நாட்டு ஏழை மக்களிடம் அவர்கள் காட்டிய கடுமையும் அவர்கள் நூல்களிலேயே தெரிகின்றது. நம் கோயில்களை வியந்த கண்கள், கோயில் நிழலில் வாழ்ந்த மனிதரை அவ்வளவு கனிவோடு காணவில்லை. கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளுவதே அறிவுடைமை.

இத்தில்லி மாநகரிலேயே தோன்றிய வரலாறு ஒன்றும் உண்டு. ஒடிசாவில் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான நெசவாளர் குடும்பத்தில் பிறந்த பிரத்யும்ன குமார் மகாநந்தியா, இங்குள்ள கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றவர். கன்னாட் பிளேசில் அமர்ந்து, வருவோர் போவோரின் உருவங்களை வரைந்து வந்தார். 1975 டிசம்பரில் சுவீடன் நாட்டு மங்கை சார்லட் தம் உருவத்தை வரைவிக்க வந்தார்; இருவர் உள்ளமும் ஒன்றின. அம்மங்கை தம் நாடு திரும்பினார். விமானச் சீட்டுக்குப் பொருளில்லாத ஓவியர், 1977 சனவரியில் பழைய மிதிவண்டியொன்றில் தில்லியை விட்டுப் புறப்பட்டார். ஆப்கானிஸ்தானம், ஈரான், துருக்கி ஆகிய நாடுகளைக் கடந்து அவ்வாண்டு மே மாதத்தில் ஐரோப்பாவை எய்தினார். வியன்னாவிலிருந்து அவரைச் சுவீடனுக்குக் கொண்டு சேர்த்தது இரயில் வண்டி என்பதில் நம் போன்ற இரயில்வே ஊழியருக்குச் சிறு பெருமையும் உண்டு! இருவரும் மணவாழ்வில் இணைந்து, இரு மக்களைப் பெற்றனர். அங்கே ஓவியர் தனியே ஓட்டிய வண்டி, இருவரின் வாழ்வைத் தொடங்கி வைத்தது.

அன்பர்களே, இவற்றையெல்லாம் பொழுதுபோக்காக நாம் கூறவில்லை. நம் அலுவலக மேசைக்கு ஓய்வுபெறுவோரின் தாள்கள் வருகின்றன. 2004 சனவரிக்கு முன்னர்ப் பணியில் சேர்ந்தோரின் ஓய்வூதியப் படிவத்தோடு, கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் இணைக்கப்படுகின்றது. முப்பத்தைந்து ஆண்டுப் பயணத்தின் முடிவில் எடுத்த படம் அது. அப்படங்களைக் காணுந்தோறும் நமக்கு ஒரு கேள்வி எழும். அருகருகே நிற்கும் இவ்விருவரும் ஒரே வழியில்தான் வந்தனரோ?

சில ஆண்டுகளுக்குப்பின், அப்படத்தில் இருந்தவருள் ஒருவர் மட்டும் அலுவலக வாயிலில் வந்து நிற்பதையும் நாம் காண்கின்றோம். குடும்ப ஓய்வூதியம் கோரி வரும் அந்த அம்மையாருக்கு வங்கிக் கணக்கின் எண் தெரியாது. தாள்கள் எந்தப் பெட்டியில் உள்ளன என்பது தெரியாது. நாற்பதாண்டு தில்லியில் வாழ்ந்தும், துணையின்றிப் பேருந்து ஏறியதில்லை. மனைவியை இழந்து வரும் பெரியவரின் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. அரிசி எந்தப் பாத்திரத்தில் இருக்கின்றது, மகளின் தொலைபேசி எண் யாது, தாம் உண்ணும் மருந்தின் பெயர் யாது என்பவற்றை அவர் அறியார். வழி முழுவதும் ஒருவரே வண்டியை ஓட்டினார். மற்றவர் பின்னால் அமர்ந்து வந்தார். ஓட்டியவர் இறங்கிவிட்டால், அமர்ந்திருந்தவர் நடுவழியில் நிற்கின்றார்.

இந்நிலை மாற்றவொண்ணாதது என எண்ண வேண்டா. நம் புதுக்கோட்டை மாவட்டத்தைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தனர். உழவு வேலை செய்வோரும், கல்லுடைப்போரும், ஆசிரியையரும் பழகினர். ஏளனம் செய்தோர் பலர். ஆயினும் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டனர். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, பிறர் துணைக்குக் காத்திராமல் வேலைக்கும் சந்தைக்கும் சென்றனர். வொர்க்மன் அம்மையாருக்குச் செல்வம் இருந்தது. இவர்களிடம் இருந்தது துணிவு ஒன்றே.

ஆகவே சங்கத்தார்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, நம் வீடுகளின் மாடிப்படிக்கு அடியில் துருவேறிக் கிடக்கும் மிதிவண்டிகளுள் நான்கைந்தைச் செப்பனிட்டு, ஞாயிறுதோறும் காலையில் காலனித் திடலில் நம் பெண்டிர்க்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வோர் இல்லத்திலும் ஆண்டுக்கு ஒரு திங்களேனும் கணவனும் மனைவியும் பணி மாற்றிக்கொள்ள வேண்டும். வங்கிக்கும் மின்கட்டணத்துக்கும் அம்மையார் செல்லட்டும். அடுப்பையும் மளிகைப் பட்டியலையும் ஐயா ஏற்கட்டும். முதல் வாரம் சாம்பாரில் உப்பு மிகும். பொறுத்துக்கொள்வோம், நாற்பது பஞ்சரைவிட அது பெரிதன்று.

இங்குள்ள இளந்தம்பதியர் நெடுவழியின் தொடக்கத்தில் நிற்கின்றனர். நம் போன்றோர் நடுவழியில் உள்ளோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர் பலர் வழியை முடித்து இளைப்பாறுகின்றனர். அனைவரும் இணையாகச் சென்று, இணையாகவே ஊர் சேர இறைவன் அருள்க.