கண்ணைப் பறித்த பிராணவாயு



மூச்சுத் திணறும் குழந்தைக்குப் பிராணவாயு கொடுப்பது தவறா? கேட்டால் சிரிப்பீர்கள். 1950ல் கேட்டிருந்தால் மருத்துவர்களே சிரித்திருப்பார்கள்.

1940களில் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துப் பிராணவாயுவைத் தாராளமாகச் செலுத்தினார்கள். குழந்தைகள் பிழைத்தன. சில மாதங்களில் பல குழந்தைகளுக்குப் பார்வை போயிற்று. 1942ல் பாஸ்டனில் டெர்ரி என்ற மருத்துவர் அந்த நோயை விவரித்தார். காரணம் யாருக்கும் விளங்கவில்லை. ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். 1950ல் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் அவர்களில் ஒருவர். வேடிக்கை என்னவென்றால், வசதி நிறைந்த மருத்துவமனைகளில்தான் இந்நோய் அதிகம்!

வாஷிங்டனில் பயிற்சியில் இருந்த ஆர்னல் பாட்ஸ் என்ற இளம் கண் மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. கண்ணைக் கெடுப்பது இந்தப் பிராணவாயுதானோ? சில குழந்தைகளுக்கு அதிகமாகவும், சிலருக்குத் தேவைக்கு மட்டும் குறைவாகவும் கொடுத்து ஒப்பிட நினைத்தார். அரசாங்கத்திடம் பணம் கேட்டார். குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து என்று மறுத்துவிட்டார்கள். சகோதரரிடம் கடன் வாங்கித் தொடங்கினார்.

அடுத்த தடை எங்கிருந்து வந்தது தெரியுமா? அன்பிலிருந்து. குறைவாகப் பிராணவாயு பெற்ற குழந்தைகளைக் கண்டு மனம் பொறுக்காத தாதியர் சிலர், இரவில் யாருக்கும் தெரியாமல் குழாயைத் திறந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? கண்முன் ஒரு பச்சிளம் குழந்தை போராடுகிறதே! ஆனால் அந்த இரக்கமே குழந்தையின் கண்ணுக்கு எமனாக இருந்தது.

1952ல் முடிவு வெளிவந்தது. பாட்ஸின் சந்தேகம் சரி. அதிகப் பிராணவாயு, வளர்ந்து முடியாத விழித்திரையின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, பின்னர் தாறுமாறாக முளைக்க வைக்கிறது. கின்ஸி தலைமையில் 18 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வும் இதை உறுதி செய்தது. 1956ல் இருவரும் லாஸ்கர் விருது பெற்றார்கள்.

கதை அங்கே முடியவில்லை. பயந்துபோய்ப் பிராணவாயுவை அளவுக்கு மீறிக் குறைத்ததில் வேறு குழந்தைகள் இறந்தன. மறுத்த அதிகாரிகளின் அச்சமும் முழுப் பொய்யல்ல. 2010ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்விலும் அதே இக்கட்டுதான்: அளவைக் குறைத்தால் கண்நோய் குறைகிறது, மரணம் கூடுகிறது.

பாட்ஸ் பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்குள்ள இயற்பியல் ஆய்வாளர்களோடு சேர்ந்து, விழித்திரைக்கான ஆர்கான் லேசர் கருவியை உருவாக்கினார். நீரிழிவால் கண் கெட்டவர்களுக்கு லேசர் சிகிச்சை அளித்தால் கடும் பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று 1970களில் நடந்த ஆய்வு காட்டியது. இனிப்பு நீர் உள்ள வீடுகளில் இந்தச் சிகிச்சையை அறிந்தவர்கள் இங்கேயும் இருப்பார்கள். பாட்ஸின் பெயரை அறிந்தவர்கள் குறைவு.

2004ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 2010ல், 89 வயதில் காலமானார்.