செலவழுங்கல்: அன்றும் இன்றும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிறைவு விழாவில் வாழ்த்துரை வழங்குவது மரபு. அதற்குத் தகுதியுடைய சான்றோர் பலர் இங்கே இருக்கிறார்கள். நான் பற்றவைப்புத் தொழிலாளி. வெல்டர் என்று சொன்னால்தான் எல்லோர்க்கும் விளங்கும். ஆகவே, என் வாழ்க்கையும் நம் இலக்கியமும் ஒன்றோடொன்று ஒட்டிய ஓர் இடத்தைப் பற்றி மட்டும் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். அந்த இடத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர் செலவழுங்கல்.

அகப்பொருள் கற்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இளைய உறுப்பினர்களுக்காகச் சில சொற்கள். பொருள் தேடிப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வாட்டத்தைக் கண்டு தன் பயணத்தைத் தள்ளிப்போடுவதே செலவழுங்கல். அது போகாமலே இருந்துவிடுவது அன்று, அவளைத் தேற்றிவிட்டுப் போவதற்காகச் சற்றே நிற்பது என்று தொல்காப்பியத்தின் கற்பியல் தெளிவுபடுத்துகிறது. பட்டினப்பாலையின் 301 அடிகளும் இந்த ஒரு கணத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பதாயினும் இவளைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்கிறான். பாலைக்கலியின் 35 பாடல்களில் பலவற்றில் தோழி முன்வந்து அவன் பயணத்தைத் தடுக்கிறாள்.

இவற்றிலெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. புறப்படுவதும் அவன் விருப்பம், நிற்பதும் அவன் விருப்பம். அவனை நிறுத்தியது அன்பு. நிற்கிற ஒவ்வொரு நாளும் அவர்கள் இருவருக்கும் கிடைத்த நாள்.

செலவு என்றால் அன்று பயணம். இன்று அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. என் தகப்பனாரைக் கேட்டிருந்தால் நன்றாகச் சொல்லியிருப்பார்.

நான் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். பரமக்குடியிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர் வரும். மழை பெய்தால் நெல்லும் மிளகாயும் விளையும். பெய்யாவிட்டால் சீமைக் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்போம். 1973இல் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகளில் கட்டுமானம் பெருகிய பிறகு, சவூதி, துபாய், குவைத் என்ற பெயர்கள் எங்கள் கண்மாய்க்கரைப் பேச்சிலும் கலந்துவிட்டன. யார் வீட்டில் காரைச் சுவர் எழுந்தாலும் அதன் பின்னே அந்தப் பெயர்களில் ஒன்று இருந்தது.

தொழிற்பயிற்சி முடித்திருந்த நான் 1990 மார்ச்சில் சென்னையில் ஒரு தேர்வுக்குச் சென்றேன். குவைத்தில் ஒரு நிறுவனத்துக்குக் குழாய் பற்றவைப்போர் தேவை. 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றிலும் பற்றவைத்துக் காட்ட வேண்டும். எங்கள் தொழிலில் அதைச் 'சிக்ஸ் ஜி' என்பார்கள். முதலில் குழாயின் இணைப்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் குறையில்லை என்று தெரிந்த பிறகு எனக்கு எடுத்தார்கள். இரண்டும் தேறின. முகவர் என் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, '45 நாளில் நியமனக் கடிதம் வந்துவிடும், தம்பி, துணிமணி தைத்துக்கொள்' என்றார்.

முகவருக்கும் பிற செலவுகளுக்குமாக அப்பா 15,000 ரூபாய் கடன் வாங்கினார். நூற்றுக்கு மூன்று வட்டி. மாதம் 450 ரூபாய். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

45 நாள் போயிற்று. கடிதம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே எனக்கு விளங்கியது. அங்குள்ள நிறுவனம் ஒரு வேலையைக் கையில் பெறும் முன்பே அதற்கு ஆளைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்வதுண்டு. ஒப்பந்தம் கையெழுத்தான பின்புதான் அந்நாட்டு அரசு இத்தனை பேருக்கு விசா என்று ஒதுக்கும். விசா வந்த பின்புதான், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, என்னைப் போன்றோர் இங்குள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி பெற முடியும். எங்கோ ஒரு மேசையில் ஒரு கையெழுத்து நின்றுவிட்டால், கடலுக்கு இப்பால் ஒரு வீட்டில் எல்லாமே நின்றுவிடும். இதற்கிடையில் மருத்துவச் சான்றுக்குக் காலம் கடந்துவிடும். காசு கட்டி மீண்டும் எடுக்க வேண்டும். மூன்று முறை எடுத்தேன். நெஞ்சில் ஒரு குறையும் இல்லை என்று மூன்று முறையும் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் 'கடிதம் வந்ததும்' என்பது எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சுக்கும் முன்னொட்டாகிவிட்டது. கடிதம் வந்ததும் தங்கைக்கு வரன் முடிக்கலாம். கடிதம் வந்ததும் கூரை மாற்றலாம். தூத்துக்குடியில் ஆறு மாத வேலை ஒன்று வந்தது. நாளைக்கே கடிதம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று மறுத்துவிட்டேன். வெல்டரின் கை இசைக் கலைஞரின் கையைப் போன்றது. பழக்கம் விட்டால் நடுங்கும். நாள்தோறும் பதினொரு மணிக்கு அஞ்சல்காரர் மிதிவண்டியில் வருவார். எங்கள் வீட்டைக் கடக்கும்போது, கேளாமலே, 'இல்லை தம்பி' என்பார். ஊராரோ கேட்காமல் விடமாட்டார்கள். 'என்ன மாப்ள, இன்னும் கெளம்பலையா?' என்ற கேள்வியில் தீமை எதுவும் இல்லை. ஆனால் அதைக் கேட்கக் கேட்க, நான் ஊரில் இருப்பதே ஒரு குற்றம் போல் எனக்குத் தோன்றலாயிற்று.

அந்த ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களை ஜோர்டானின் அம்மான் நகரிலிருந்து விமானங்களில் தாயகம் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர். ஒன்பது ஆண்டு உழைத்தவர் ஒரு கைப்பையோடு வந்து இறங்கினார். மாலை வேளையில் தேநீர்க்கடைப் பலகையில் அவரும் நானும் அருகருகே உட்கார்ந்திருப்போம். போய் இழந்தவர் ஒருவர், போகாமலே இழந்தவன் ஒருவன். 'நல்லவேளை, நீ போகவில்லை' என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் மட்டும் அப்படிச் சொன்னதே இல்லை.

தேநீர்க்கடைக் கேள்விகளிலிருந்து தப்பிக்கத்தான் பரமக்குடிக் கிளை நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். இலக்கிய ஆர்வம் என்று சொன்னால் பொய்யாகும். அங்கே யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை என்பதே காரணம். செய்தித்தாளில் குவைத்துச் செய்தியைத் தேடிப் படித்துவிட்டு, பொழுது போகாமல் அலமாரியில் கைபோட்டபோது உரையுடன் கூடிய பத்துப்பாட்டு கிடைத்தது. பத்தில் சிறியது எது என்று பார்த்து, 103 அடி கொண்ட முல்லைப்பாட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

அதிலே முதுபெண்டிர் ஊர்ப்புறக் கோயிலுக்குப் போய் நெல்லும் முல்லைப் பூவும் தூவி, நற்சொல் கேட்க நிற்கிறார்கள். அந்நேரம் ஓர் ஆயர்குலப் பெண், தாயைக் காணாது தவிக்கும் கன்றைப் பார்த்து, உன் தாய் இப்போது வந்துவிடும் என்று தேற்றுகிறாள். அந்தச் சொல்லையே நன்னிமித்தமாகக் கொண்டு, தலைவன் வருவான் என்று தலைவிக்குச் சொல்கிறார்கள். இதைப் படித்தபோது என் கை நின்றுவிட்டது. ஏனென்றால், அதற்கு முந்தின வாரம்தான் என் தாயார் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, 'சொல்லு நல்லா இருந்துச்சுப்பா, காயிதம் வந்துரும்' என்றார். என்ன சொல் என்று கேட்டேன். அவர் சாமி கும்பிட்டு நிமிர்ந்த நேரத்தில், சாலையில் நின்ற பேருந்தின் நடத்துநர் 'போலாம், போலாம்' என்று குரல் கொடுத்தாராம்.

அவையோரே, என் தாயார் எழுத்தறியாதவர். நப்பூதனார் என்ற பெயரை அவர் கேட்டதில்லை. ஆனால் நப்பூதனார் கண்ட பெண்கள் செய்ததையே அவரும் செய்தார். ஒரே ஒரு வேறுபாடு. அவர்கள் வர வேண்டியவனுக்காக நற்சொல் கேட்டார்கள். என் தாயாரோ போக வேண்டியவனுக்காகக் கேட்டார். மகன் தம்மைவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு தாய் தெய்வத்தின் முன் நிற்பதை எந்தத் திணையில் சேர்ப்பது? பிரிதலா, இருத்தலா, இரங்கலா? எனக்கு விடை கிடைக்கவில்லை. அன்று தொடங்கிய கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

இதைக் கேட்கும் நண்பர்கள் சிலர், அந்தத் தாமதமும் நன்மைக்கே, இல்லையேல் நீ இலக்கியத்தின் பக்கம் வந்திருப்பாயா என்பார்கள். அதற்காக நான் அந்தத் தாமதத்துக்கு நன்றி சொல்ல மாட்டேன். 22 மாதத்துக்கு 9,900 ரூபாய் வட்டி கட்டியவர் என் தகப்பனார். அதற்காக உழவு மாடு இரண்டையும் விற்றவரும் அவர்தான். என் படிப்புக்கு அவர் கொடுத்த விலை அது.

1991 ஜூனில், கடிதம் வந்தால் வரட்டும் என்று, பரமக்குடியில் சன்னல் கம்பி பற்றவைக்கும் பட்டறை ஒன்றில் கூலிக்குச் சேர்ந்தேன். கை நடுக்கம் ஒரு வாரத்தில் நின்றது. குவைத்தில் எரிந்த எண்ணெய்க் கிணறுகளில் கடைசிக் கிணறும் அந்த ஆண்டு நவம்பரில் அணைக்கப்பட்டது. 1992 ஜனவரியில் கடிதம் வந்தது. அஞ்சல்காரர் மிதிவண்டி மணியை வீதி முனையிலிருந்தே அடித்துக்கொண்டு வந்தார். பிப்ரவரியில் விமானம் ஏறினேன்.

இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்து 1994 மார்ச்சில் விடுப்பில் வந்தபோது, அடுப்படிச் சுவரில் கரிக்கோடுகளைக் கண்டேன். வாரச் சந்தைக்குப் போகும் நாளில் அம்மா ஒரு கோடு போட்டிருக்கிறார். பால் கணக்கு என்று நினைத்துக் கேட்டேன். 'நீ மெட்ராசுக்குப் போய் வந்ததிலேருந்து போடுறேன்' என்றார். எண்ணிப் பார்த்தேன். இருநூறைத் தாண்டியது. நான் விமானம் ஏறிய வாரத்தில் ஓர் இடைவெளியோ வேறு அடையாளமோ இருக்கும் என்று தேடினேன். ஒன்றுமில்லை. போவதற்காகக் காத்திருந்த 22 மாதமும், வருவதற்காகக் காத்திருந்த 25 மாதமும் ஒரே வரிசையாக ஓடின.

திருக்குறளின் 127ஆம் அதிகாரமாகிய அவர்வயின் விதும்பலில், முதற்குறளின் தலைவி, அவர் பிரிந்த நாள்களைச் சுவரில் குறித்து, அக்குறிகளைத் தொட்டுத் தொட்டு விரல் தேய்ந்தவள். அவளுடைய கணக்கு அவர் போன நாளில் தொடங்குகிறது. என் தாயாரின் கணக்கு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. நான் திண்ணையில் உட்கார்ந்திருந்த நாள்களிலேயே அவருக்கு நான் பிரிந்துவிட்டேன். என் உடல் வீட்டில் இருந்தது. மனமும் பேச்சும் கனவும் கடலுக்கு அப்பால் இருந்தன. நான்தான் காத்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அந்த நாள்களில் என்னை எதிரே வைத்துக்கொண்டே எனக்காக ஒருவர் காத்திருந்தார் என்பது அந்தச் சுவரைக் கண்ட பிறகே தெரிந்தது.

அந்தச் சுவர் இப்போது இல்லை. 1996இல் குவைத்துப் பணத்தில்தான் அதை இடித்துப் புதுவீடு கட்டினோம். அந்தக் கோடுகளைப் படம் பிடித்து வைக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கவிஞர்களே, நான் உங்கள் முன் வைக்கும் வேண்டுகோள் இதுதான். பாலைவனத்தில் உழைப்பவனின் கண்ணீரைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். அவன் மனைவியின் தனிமையைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். போவதாகச் சொல்லிவிட்டுப் போக முடியாமல் ஊரில் நிற்பவனைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். அவன் இன்றும் இருக்கிறான். இன்று கடிதம் மிதிவண்டியில் வருவதில்லை, கைப்பேசியில் வருகிறது. அவன் அனுப்பிய செய்தியின் பக்கத்தில் இரண்டு நீலக்குறி தோன்றும். பார்த்துவிட்டார்கள் என்று தெரியும், பதில் வராது. எங்கள் அஞ்சல்காரராவது 'இல்லை தம்பி' என்று வாய்திறந்து ஒரு சொல் சொன்னார்.

அவனைப் பாடும்போது அவனை இரங்கத்தக்கவனாக மட்டும் காட்டிவிடாதீர்கள். அவனுடைய கைத்தொழிலைப் பாடுங்கள். அவன் வீட்டுக் கடன் கணக்கை எழுதுங்கள், அதைக் கட்டுபவர் யார் என்பதையும் எழுதுங்கள். முக்கியமாக, அவனுக்கு எதிரே அமர்ந்து அவனுக்காகக் காத்திருப்பவரைக் கண்டு எழுதுங்கள். பழைய செலவழுங்கலில் நின்ற நாள்கள் இருவருக்கும் கிடைத்த நாள்களாயின. எங்கள் செலவழுங்கலில் அவை எவருக்கும் கிடைக்காமல் போயின. அந்த நாள்களை மீட்டுத் தரும் ஆற்றல் ஒரு நல்ல கவிதைக்கு உண்டு என்று நம்புகிறேன். அந்தக் கிளை நூலகத்தில் ஒரு பழம்பாட்டு எனக்கு அதைச் செய்திருக்கிறது.