முதல் கேமரா வாங்கும் முன்

கல்யாணம், வளைகாப்புக்குப் படம் எடுக்கும் தொழிலுக்காகக் கடன் கேட்டிருக்கும் உறுப்பினர்களுக்குச் சில விஷயம். ஆடி, மார்கழியில் கல்யாணம் இருக்காது, தவணை மட்டும் நிற்காது. அதனால பழைய டி.எஸ்.எல்.ஆர். வாங்கினால் போதும். கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் போயிட்டதால பழசு நிறையக் கிடைக்குது.

கடைக்காரர் மெகாபிக்சல் கணக்கைத்தான் சொல்வார், அதை விடுங்க. பணத்தை லென்சில் போடுங்க. கூட்டமா நிற்பவர்களை எடுக்க 18-55. மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்கு 50 எம்.எம். 1.8. நிக்கான் டி3000, டி5000 வரிசையில் ஃபோகஸ் மோட்டார் உள்ளே கிடையாது. ஏ.எஃப்-எஸ் லென்சாகப் பார்த்து வாங்கணும், பழைய ஏ.எஃப். லென்ஸ் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் திருப்பணும், தாலி கட்டும் நேரம் காத்திருக்குமா? லென்சை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூஞ்சை இருக்கான்னு பாருங்க. ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்குன்னும் கேளுங்க. இன்னொரு பேட்டரி, மெமரி கார்டு செலவையும் கடன் மனுவிலேயே எழுதிடுங்க.