பாம்புக் கடியும் ஆஸ்பத்திரிச் சிகிச்சையும்

(கிராமக் கூட்டுறவுச் சங்கமொன்றின் மகாசபைக் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)

  

கடன் தவணையைப் பற்றிப் பேசவேண்டிய இன்ஸ்பெக்டர் பாம்புக் கடியைப் பற்றிப் பேச முற்படுவது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். வாங்கிய கடனைத் தீர்ப்பது நிலமன்று. அந்நிலத்தில் இறங்கி உழைக்கும் ஆளே. அவர் அறுவடைக்கு முன் விஷம் தீண்டி மாண்டால், கடன் ஜாமீன்தார் தலையில் விழும். குடும்பம் ஆதரவின்றி நிற்கும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டிருக்கின்றனர். சராசரி ஆண்டொன்றுக்கு 58,000 உயிர்கள். இவர்களிற் பெரும்பாலோர் கிராமவாசிகள். தமிழ்நாடு அரசாங்கத்தார் 2024-ம் ஆண்டு நவம்பரில், 1939-ம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், பாம்புக் கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயமாகத் தெரிவிக்கவேண்டியதொன்றாக அறிவித்தனர்.

நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. பாம்பு விஷத்திற்கு மருந்து உண்டு. அது சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் வீணாகும் ஒவ்வொரு நாழிகையும் அதன் பலனைக் குறைக்கும்.

நம் நாட்டில் மிகுதியாக உயிர்ச்சேதம் விளைவிப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு. முன்னிரண்டின் விஷம் நரம்புகளைத் தாக்கி மூச்சை நிறுத்தும். பின்னிரண்டின் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும். கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தையும் பாழாக்கும். கட்டுவிரியனிடம் தனி எச்சரிக்கை வேண்டும். அது இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும், வலியும் வீக்கமும் அநேகமாய் இரா, பற்குறியும் தெரியாதிருக்கலாம். விடியற்காலையில் வயிற்றுவலியுடன் எழுந்தவருக்கு இமைகள் தாமே தாழ்ந்து, பேச்சுக் குழறினால், அஜீரணமென்று கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

‘மந்திரித்துப் பிழைத்தவர் பலரைக் கண்டிருக்கிறோமே’ என்று நீங்கள் கேட்கலாம். கண்டிருப்பீர்கள். கடிக்கும் பாம்புகளிற் பல விஷமற்றவை. விஷப்பாம்பும் சில வேளைகளில் விஷத்தைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. அத்தகையவர் எதுவும் செய்யாவிடினும் பிழைத்திருப்பர். விஷம் ஏறியவருக்கோ, மந்திரத்திற்கும் பச்சிலைக்கும் செலவான நேரமே யமனாகிறது.

கடிபட்டவுடன் செய்யத்தக்கவை யாவை? அவரைப் படுக்கவைத்துத் தைரியம் சொல்லுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி முதலியவற்றை வீங்குமுன் கழற்றுங்கள். எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோல் மூங்கிற் பத்தையை வைத்து, அந்த அவயவம் அசையாதபடி துணியால் தளர்வாகக் கட்டுங்கள். நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். வாந்தி வருமாயின் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். 108 வண்டியை அழையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், சுடுதல், கயிற்றால் இறுக்கிக் கட்டுதல் ஆகியவை கூடா. இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அவயவம் அழுகக்கூடும். முன்னமே யாரேனும் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்க வேண்டாம். டாக்டர் முன்னிலையில் அவிழ்ப்பதே நலம். பாம்பைத் தேடி அடிக்கவும் வேண்டாம். நான்கிற்கும் மருந்து ஒன்றே.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்பது தெரிந்திருந்தால் வீண் பயம் நீங்கும். சிறிது இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைப்பர். அது உறையாவிடின் விரியன் விஷம் ஏறியிருப்பதாகக் கருதுவர். விஷக்குறி கண்டால் விஷமுறிவு மருந்தை இரத்தக் குழாய் வழியே ஏற்றுவர். முதலில் சாதாரணமாக 8 முதல் 10 குப்பிகள் தேவைப்படும். குழந்தைக்கும் அளவு அதுவே; பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தை அளப்பதில்லை. இம்மருந்தால் சிலருக்கு உடம்பில் தடிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாகக்கூடும். அதற்கு மாற்று மருந்து டாக்டர் கையில் இருக்கும். விஷக்குறி காணாவிட்டாலும் ஒரு நாள் முழுதும் வைத்துக் கவனிப்பர். நடுவில் வீட்டுக்கு அழைத்துவந்துவிடாதீர்கள். மூச்சு நின்றுபோகும் நிலையிலுள்ளவரைச் செயற்கைச் சுவாச யந்திரமுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவர். கண் திறவாமலும் கை அசையாமலும் கிடப்பவர் உள்ளுக்குள் நினைவோடிருக்கலாம். ஆதலின் டாக்டர் சொல்லுமுன் உயிர் போயிற்றென்று தீர்மானிக்காதீர்கள். சிறுநீரகம் பழுதுபட்டால் இரத்தச் சுத்திகரிப்புச் செய்யவேண்டியிருக்கும். வீடு திரும்பியபின் சிறுநீர் குறைந்தால் மறுபடியும் காட்டவேண்டும்.

இம்மருந்தில் கூட்டுறவாளராகிய நமக்குப் பெருமைப்பட இடமுண்டு. பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்த இருளர், 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அத்தொழிலை இழந்தனர். அவர்களுக்காக 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. செங்கற்பட்டு ஜில்லா வடநெம்மேலியிலுள்ள அச்சங்கத்தில் பாம்புகளைச் சில வாரம் வைத்திருந்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அவ்விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் இரத்தத்தினின்று மருந்து தயாரிக்கப்படுகிறது. இந்தியாவில் இம்மருந்துக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதியை நெடுங்காலம் உதவியது இவ்வெளியோரின் சங்கமே. அச்சங்கத்தைச் சார்ந்த இருவர் 2023-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றனர்.

அவர்கள் உதவும் மருந்து நம்மை எட்டாமற்போவது நியாயமா? ஆகவே இம்மகாசபையில் நான்கு தீர்மானங்களை நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒன்று: மருந்தும் இராக்காவல் டாக்டரும் உள்ள மிக அருகான ஆஸ்பத்திரி எதுவென்று விசாரித்து, அதன் பெயரையும் டெலிபோன் எண்ணையும் சங்கக் கட்டடச் சுவரில் எழுதிவைத்தல். இரண்டு: 108 வண்டி வரத் தாமதமாகும் இரவுகளில் வண்டி கொடுக்க இசையும் அங்கத்தினர் பெயர்களை முறைவைத்துக் குறித்தல். மூன்று: உபவிதிகள் இடங்கொடுக்கும் அளவில், பொதுநல நிதியிலிருந்து ஒரு தூக்குக் கட்டிலும், வாடகைக்கு விட டார்ச் விளக்குகளும் முழங்கால் பூட்சுகளும் வாங்குதல். நான்கு: தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாயின்கீழ்ச் செருகி உறங்குதல், படுக்கும் அறையில் தானியம் வைத்து எலிக்கும் அதன்பின் பாம்புக்கும் வழி செய்யாதிருத்தல் ஆகியவற்றை வீடுதோறும் எடுத்துச் சொல்லுதல்.

இவற்றிற்குப் பெருஞ்செலவில்லை. சங்கத்தின் மினிட் புத்தகத்தில் இன்றே எழுதப்படும் நாலு வரி, இவ்வூரில் ஒரு குடும்பத்தின் விளக்கை அணையாமற் காக்கக்கூடும்.