பூமியைக் கற்பதும் இல்முதான்

(நமது ஜமாஅத்தின் சார்பில் நடைபெற்ற உயர்கல்வி வழிகாட்டுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

 

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த உடனே நம் வீடுகளில் ஒலிக்கும் சொற்கள் நான்கைந்துதான்: மருத்துவம், பொறியியல், பி.காம்., கம்ப்யூட்டர். இவை எதுவும் அமையவில்லை என்றால் பாஸ்போர்ட். இவற்றை நான் குறை கூற வரவில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் செவிகளுக்கு எட்டாமலே போகின்ற இரண்டு பட்டப்படிப்புகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஒன்று, ஜியாகிரபி எனப்படும் புவியியல். மற்றொன்று, ஜியாலஜி எனப்படும் நிலவியல்.

பெயரிலேயே பலருக்குக் குழப்பம் உண்டு. ஜியாலஜிக்கான அரசுத் துறையே தமிழில் ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’ என்றுதான் அழைக்கப்படுகிறது. எனவே விண்ணப்பிக்கும்போது ஆங்கிலப் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பூமியின் மேற்பரப்பையும், அதில் மழை, ஆறு, ஊர், மக்கள், பயிர் ஆகியவை அமைந்திருக்கும் முறையையும் ஆராய்வது ஜியாகிரபி. பூமிக்குள் இருக்கும் பாறை, கனிமம், நிலத்தடி நீர், அவை உருவான வரலாறு ஆகியவற்றை ஆராய்வது ஜியாலஜி.

முன்னோர் கண்ட இல்மு

‘இது உலகப் படிப்புதானே, இமாம் ஏன் இதைப் பேசுகிறார்?’ என்று சிலர் நினைக்கலாம். திருக்குர்ஆனின் ஃபாத்திர் அத்தியாயத்தில் 27, 28 ஆகிய வசனங்களை ஓதிப் பாருங்கள். வானிலிருந்து இறங்கும் மழை, அதனால் விளையும் பல நிறக் கனிகள், மலைகளில் ஓடும் வெண்மை, செம்மை, கருமை நிறப் பாதைகள் என்று அல்லாஹ் வரிசையாகக் காட்டுகிறான். அதைத் தொடர்ந்துதான், அடியார்களுள் அவனை உள்ளபடி அஞ்சுவோர் அறிஞர்களே என்னும் கருத்து வருகிறது. ‘உலமா’ என்னும் சொல் அங்கே மலையின் நிறங்களுக்கு அருகில் இடம்பெற்றிருப்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

நம் முன்னோர் சிந்தித்தார்கள். 973 ஆம் ஆண்டு பிறந்த அல்பிரூனி (ரஹ்) அவர்கள், இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்து, அதன் உச்சியிலிருந்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதைக் கணித்து, அதைக்கொண்டு பூமியின் ஆரத்தைக் கண்டார்கள். மலையருகே பெரிய உருண்டைக் கற்கள், தொலைவு செல்லச் செல்லச் சிறிய கற்கள், கடலருகே மணல் என்று இருப்பதைக் கவனித்து, வட இந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து ஆற்று வண்டலால் நிரம்பியது என்று எழுதினார்கள். ஆற்றின் வேகம் குறையக் குறையக் கனமான கல் முதலில் தங்கும், நுண்மணல் கடைசியில் தங்கும் என்பது இன்றும் நிலவியல் மாணவன் முதலாண்டிலே படிக்கின்ற பாடம். மலைகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை இப்னு ஸீனா தம் ‘அஷ்ஷிஃபா’ நூலில் விளக்கினார். 1154 இல் ஸிஸிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அல்இத்ரீஸி உலகப் படம் வரைந்தளித்தார்.

நமது தொழுகையே புவியியலோடு பிணைந்ததுதான். கிப்லா ‘மேற்கே’ என்று பொதுவாகச் சொல்கிறோம். சென்னையிலிருந்து கணக்கிட்டால் அது நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. கஜ்னா நகரின் கிப்லாவைச் சரியாகக் காண்பதற்காக நகரங்களின் இருப்பிடங்களைக் கணித்து அல்பிரூனி ஒரு தனி நூலே எழுதினார். மாணவர்களே! ஆண்டுதோறும் மே 27 அல்லது 28 ஆம் நாள், நம் நேரப்படி பிற்பகல் 2.48 மணியளவில் சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேராக வருகிறது. அந்நேரம் ஒரு கோலை நேராக நட்டு, அதன் நிழலுக்கு எதிர்த் திசையைப் பாருங்கள். அதுவே கிப்லா. அது ஏன் அவ்வாறு அமைகிறது என்று உங்களுக்கு விளங்கிவிட்டால், புவியியலின் முதல் வாயிலில் நுழைந்துவிட்டீர்கள்.

நம் ஊர்களின் தேவை

பழம்பெருமையோடு நிறுத்திவிட்டால் பயனில்லை. இன்றைய தேவையைப் பார்ப்போம்.

முதலாவது, தண்ணீர். தாயார் மறைந்தபின் அவர்களுக்காகச் செய்யத்தக்க சிறந்த தர்மம் எது என்று ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் வினவியபோது, நபி (ஸல்) அவர்கள் தண்ணீரைக் குறிப்பிட்டார்கள். அவர்கள் கிணறு தோண்டினார்கள் என ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அந்த ஆர்வத்தில் நம் செல்வந்தர்கள் ஆழ்துளைக் கிணறு அமைத்துத் தருகிறார்கள். ஆனால் இடம் தேர்வது எப்படி? வேப்பங்குச்சி, தேங்காய் கொண்டு நீரோட்டம் பார்ப்பவரை அழைக்கிறோம். தமிழகத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைப் பகுதி. அங்கே நிலத்தடியில் ஆறு ஓடுவதில்லை. பாறையின் வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலும்தான் நீர் தங்கும். பூமிக்குள் மின்சாரம் செலுத்தி, அதற்கு ஏற்படும் தடையை அளந்து, எந்த ஆழத்தில் ஈரமான வெடிப்பு இருக்கக்கூடும் என்று நிலவியல் அறிந்தவர் கணிக்கிறார். அவருடைய கணிப்பும் சில வேளை பொய்க்கலாம். ஆயினும் குச்சியின் அசைவை விட அது நம்பத்தக்கது. கடலோர ஊர்களில் நிலை வேறு. அளவுமீறி உறிஞ்சினால் உப்புநீர் உட்புகும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிகழ்ந்தது அதுவே.

இரண்டாவது, வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்க இயலுமா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டில் பெய்ய வேண்டியதைக் காட்டிலும் அதிகமான மழை ஒரே நாளில்! அத்தகைய மழையைத் தடுக்க நம்மால் இயலாது. அது இறைவனின் நாட்டம். ஆனால் நீர் எந்த ஓடை வழியே போகும், எந்தத் தெரு தாழ்ந்தது, எந்தக் குளத்தின் மறுகால் அடைபட்டுள்ளது என்பதை முன்னரே வரைந்து வைத்திருப்பது மனிதரின் கடமை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட வழி.

மூன்றாவது, வக்ஃப் நிலம். 2025 ஜூன் 6 அன்று மத்திய அரசு ‘உமீத்’ இணையதளத்தைத் தொடங்கி, வக்ஃப் சொத்துகளை அளவுகளோடும் அமைவிடக் குறிப்போடும் பதிவேற்றச் சொன்னபோது, புல எண்ணையும் புலப்படத்தையும் படித்துச் சொல்ல ஆள் தேடி நம் முத்தவல்லிகள் எவ்வளவு அலைய வேண்டியிருந்தது! முன்னோர் அல்லாஹ்வுக்காக எழுதி வைத்த நிலத்தின் நான்கு எல்லைகளையும் வரைபடத்தில் காட்டத் தெரிந்த ஓர் இளைஞர் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்க வேண்டாமா?

எங்கே படிப்பது, பின்னர் என்ன?

சென்னை மாநிலக் கல்லூரியில் இவ்விரண்டு பாடங்களும் உண்டு. ராணி மேரிக் கல்லூரியில் பெண்கள் புவியியல் படிக்கலாம். தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி ஆகியவை நிலவியலுக்குப் பெயர் பெற்றவை. பட்டப்படிப்பு மூன்றாண்டு. நிலவியலுக்குப் பொதுவாக அறிவியல் பிரிவு கேட்பார்கள். புவியியலுக்கான தகுதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விண்ணப்பிக்குமுன் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

புவியியல் மாணவர் வானிலை, நில அமைப்பு, மக்கட்தொகை, வரைபடக் கலை ஆகியவற்றோடு செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வையும், கணினியில் வரைபடம் அமைக்கும் ஜி.ஐ.எஸ். முறையையும் கற்பார். நிலவியல் மாணவர் கனிமம், பாறை, புதைபடிவம், நிலத்தடி நீர் என்று கற்பார். அவருக்கு நம் மாநிலமே ஒரு பாடநூல். அரியலூரில் பழங்கடலின் உயிர்ப்படிவங்கள், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, சேலத்தில் மாக்னசைட், பல்லாவரத்தில் சார்னோக்கைட் பாறை.

வேலைவாய்ப்பு பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பட்டம் பெற்றவுடன் வாசலில் வேலை காத்திருக்கும் படிப்பு இதுவன்று. 1851 இல் நிறுவப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திலும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் அறிவியலாளராகச் சேர யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு எழுத வேண்டும். அதற்கு முதுகலைப் பட்டம் தேவை. ஐ.ஐ.டி.களில் முதுகலை நிலவியல் பயில ‘ஜாம்’ என்னும் நுழைவுத் தேர்வு இருக்கிறது. எனவே மூன்றாண்டு என்று எண்ணாமல் ஐந்தாண்டு என்று எண்ணிப் புறப்படுங்கள். புவியியல் படித்தவருக்கு ஆசிரியப் பணி, ஜி.ஐ.எஸ். நிறுவனங்கள் ஆகிய வழிகள் உண்டு. ஐ.ஏ.எஸ். தேர்விலும் அது விருப்பப் பாடமாக இருக்கிறது.

தாய்மார்களுக்கு ஒரு சொல். இப்படிப்பில் களப்பயணம் உண்டு. பிள்ளைகள் சில நாள் மலையிலும் சுரங்கத்திலும் சுற்ற வேண்டும். பெண் பிள்ளையை அனுப்பத் தயங்குவது இயல்பு. துறைத் தலைவரைச் சந்தித்து, உடன் வரும் பேராசிரியை யார், தங்குமிடம் எது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கேளாமலே ‘வேண்டாம்’ என்று கதவை அடைத்துவிடாதீர்கள்.

இணையத்தில் கற்க மதரஸாவின் ஒழுங்கு

இனி, மூன்றாவது செய்தி. இன்று கல்லூரியில் சேர்ந்தாலும் பாதிக் கல்வி இணையத்தில் இருக்கிறது. ஐ.ஐ.டி.கள் 2003 இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., மத்திய அரசு 2017 இல் தொடங்கிய ஸ்வயம் ஆகிய தளங்களில் உயர்ந்த பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் பயில 2021 இன் யு.ஜி.சி. விதிமுறை வழி செய்தது. நம் கல்லூரி அதை ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். இஸ்ரோவைச் சேர்ந்த டேராடூன் தொலையுணர்வு நிறுவனமும் இலவச இணையவழிப் பயிற்சிகள் நடத்துகிறது. கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் வரைபட மென்பொருளுக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை.

இத்தனையும் இலவசமாகக் கிடைத்தும் பலர் சேர்ந்த சில நாள்களில் விட்டுவிடுகிறார்கள். காரணம் அறிவுக் குறைவன்று, ஒழுங்குக் குறைவு. எதிரில் உஸ்தாது இல்லாதபோது மனம் ஓடிவிடுகிறது. அந்த ஒழுங்கைத் தேடி எங்கும் போக வேண்டாம். நம் அரபி மதரஸாக்களில் அது பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. நாளைய பாடத்தை இன்றிரவே படித்துப் பார்ப்பது முதாலஆ. குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் அமர்ந்து பாடம் கேட்பது ஸபக். கேட்டதை அன்று மாலையே தோழர்களோடு அமர்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்பது தக்ரார். யாரிடமிருந்து அறிவு வருகிறது என்று சங்கிலியைச் சோதிப்பது ஸனது.

இணையப் பாடத்துக்கும் இந்நான்கையும் பொருத்துங்கள். காணொளிக்கு முன் பாடக்குறிப்பைப் படியுங்கள். ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம் என்று நிச்சயித்து, செல்பேசியை அப்புறம் வைத்துவிட்டு, நோட்டில் கையால் எழுதிக்கொண்டே கேளுங்கள். மூன்று பேராகச் சேர்ந்து தக்ரார் செய்யுங்கள். வாரந்தோறும் தரும் பயிற்சியை அந்த வாரமே முடியுங்கள், என்.பி.டி.இ.எல். சான்றிதழில் 25 விழுக்காடு அதற்குரியது. யூடியூபில் பேசுகிறவர் யார், எங்கு கற்றவர், எதை ஆதாரமாகக் காட்டுகிறார் என்று கேளுங்கள். ஹதீஸுக்கு ஸனது கேட்ட சமுதாயம், நிலநடுக்கம் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் வதந்திக்கும் ஸனது கேட்க வேண்டும்.

ஜமாஅத்துக்கு மூன்று வேண்டுகோள்

நிர்வாகப் பெருமக்களே! முதலாவதாக, நமது கல்வி உதவித்தொகைப் பட்டியலில் இவ்விரு படிப்புகளையும் சேருங்கள். ஐந்தாண்டும் தொடரும் வகையில் அது அமையட்டும். இரண்டாவதாக, மதரஸாக் கட்டடத்தில் ஓர் அறையை இரண்டு கணினிகளோடு இணையவழி மாணவர்க்கு ஒதுக்குங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் தாருங்கள். மூன்றாவதாக, மாணவர்களைக் கொண்டு நம் மஹல்லாவின் வரைபடம் ஒன்றை உருவாக்குங்கள். கிணறுகள், அவற்றின் ஆழம், நீர் வடியும் வழிகள், வக்ஃப் நிலங்களின் எல்லைகள், கபரஸ்தான் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறட்டும். அடுத்த ஆண்டறிக்கையின் நடுப்பக்கத்தில் அந்த வரைபடம் வெளிவருமானால், அது நம் ஜமாஅத்துக்கு நிலையான ஸதக்காவாக அமையும்.

பயன் தரும் கல்வியை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் அருள்வானாக! அவர்களுடைய கல்வியால் நம் ஊரின் தாகத்தைத் தணிப்பானாக! முன்னோர் விட்டுச் சென்ற அமானிதங்களைக் காக்கும் ஆற்றலைத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.